மனச்சோர்வுக் குளிசையும் தாம்பத்தியமும்: கேட்கத் தயங்கும் சந்தேகங்களும் விளக்கங்களும்

மட்டக்களப்பு வாவியின் இரு பக்கத்திலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மனநலக் கிளினிக்குக்கு மாதாமாதம் போய்வருகிறவர்கள் பலர். விடிய எழும்பி பஸ் பிடித்து, இலக்கம் எடுத்து, வாங்கில் காத்திருந்து டொக்டரின் முன்னால் அமரும்போது கிடைப்பது சில நிமிடங்கள். நித்திரை வருகிறதா, சாப்பாடு போகிறதா, அழுகை குறைந்திருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிவதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள். தொண்டைவரை வந்த ஒரு சந்தேகம் கேட்கப்படாமலே கிளினிக் கொப்பியோடு வீடு திரும்பிவிடும்.

"இந்தக் குளிசை குடிக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஆசையே வருகுதில்லை." "குளிசையை விட்டு ஒரு வருசம். உடம்பு இன்னும் பழையபடி ஆகவில்லை." இவற்றைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. உலகெங்கும் மருத்துவர்கள் ஆராயும் விடயம் இது. மக்கள் மனதுக்குள் புதைத்து வைத்திருக்கும் கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே விளக்கம் தருகிறோம். உங்கள் மருத்துவரிடம் பேசத் துணையாகத்தான் இது எழுதப்படுகிறது. அவருடைய ஆலோசனைக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தேகம் 1: மனச்சோர்வுக்குக் குளிசை தொடங்கி இரண்டு மாதம். மனம் தெளிந்துவிட்டது. ஆனால் உடலில் ஆசை என்ற ஒன்றே இல்லை. குளிசைதான் காரணமா?

காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஃபுளுவொக்ஸெட்டின், சேர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பரொக்ஸெட்டின் ஆகியவை மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனத்தின் செயற்பாட்டைக் கூட்டுகின்றன. வென்லாஃபக்ஸின், டுலொக்ஸெட்டின் ஆகியவை செரட்டோனினோடு நோர்அட்ரினலினையும் சேர்த்துக் கூட்டுகின்றன. குளோமிப்ரமின், இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் ஆகியவை பழைய வகை. செரட்டோனின் கூடும்போது பதற்றமும் துக்கமும் தணிகின்றன. அதே வேளையில், ஆசையைத் தூண்டும் டோபமினின் வேலை மந்தமாகிறது. பிறப்புறுப்புக்கு இரத்தம் பாய்வதிலும் அங்குள்ள உணர்ச்சியின் கூர்மையிலும்கூட மாற்றம் வருகிறது.

ஆண்களுக்கு விறைப்புக் குறையலாம், விந்து வெளிவர மிகவும் தாமதமாகலாம், அல்லது வெளிவராமலே போகலாம். பெண்களுக்கு ஈரப்பசை குறையலாம், உச்சக்கட்டம் எட்டாமல் போகலாம். இருபாலாருக்கும் ஆசை குன்றலாம், பிறப்புறுப்பு மரத்துப்போனது போல் இருக்கலாம். இது உங்கள் கற்பனை இல்லை என்பதற்கு நல்லதொரு சான்று மருத்துவத்திலேயே இருக்கிறது. விந்து முந்தி வெளிவரும் குறைபாட்டுக்கு பரொக்ஸெட்டின், சேர்ட்ராலின் போன்ற இதே குளிசைகளைத்தான் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். அங்கே நன்மையாகப் பயன்படும் விளைவு, இங்கே பக்கவிளைவாகி நிற்கிறது.

சந்தேகம் 2: எனக்கு மட்டும்தான் இப்படியா? கிளினிக்கில் வேறு யாரும் இதைப் பற்றிச் சொன்னதாகத் தெரியவில்லையே?

அவர்களும் உங்களைப் போலத்தான் சொல்லாமல் இருக்கிறார்கள். ஸ்பெயினில் மருத்துவர் மொன்டேகோவும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. நோயாளர்கள் தாமாக வாய் திறந்து சொன்னபோது, பாலியல் பக்கவிளைவு இருப்பதாகத் தெரியவந்தவர்கள் 14 சதவீதம்தான். மருத்துவர்கள் நேரடியாகக் கேட்டபோது அது 58 சதவீதமானது. 2001இல் அதே நாட்டில் 1,022 பேரிடம் கேட்ட பெரிய ஆய்விலும் ஏறத்தாழ 59 சதவீதத்தினர் ஏதோவொரு வகையில் இந்தப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். குளிசைக்குக் குளிசை இந்த அளவு கூடிக் குறையும்.

14க்கும் 58க்கும் இடையிலுள்ளவர்கள், கேட்டிருக்காவிட்டால் பேசாமலே வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஸ்பெயினிலேயே நிலைமை இதுவென்றால், உறவுக்காரர் நாலு பேர் அதே வாங்கில் காத்திருக்கும் நம் ஊர்க் கிளினிக்கில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்?

சந்தேகம் 3: மனச்சோர்வு வந்தாலே ஆசை போய்விடும் என்கிறார்களே. நோயாலா, குளிசையாலா என்று எப்படிப் பிரித்தறிவது?

நியாயமான கேள்வி. மனச்சோர்வு பசியையும் நித்திரையையும் கெடுப்பது போலவே பாலுணர்வையும் கெடுக்கும். ஆகவே எது முதலில் வந்தது என்று பாருங்கள். நோய் வந்தபோதே ஆசை குறைந்து, குளிசையால் மனம் தேறத்தேற அதுவும் தேறினால், நோய்தான் காரணம். நோயின்போது ஓரளவு இருந்தது, குளிசை தொடங்கியபின்போ அளவைக் கூட்டியபின்போ சில நாட்களில் அல்லது வாரங்களில் இல்லாமல் போனால், குளிசையைச் சந்தேகிக்கலாம். உறுப்பு மரத்துப்போவதும், உச்சக்கட்டம் இருந்தும் அதில் இன்பம் இல்லாமல் போவதும் மனச்சோர்வில் பொதுவாகக் காணப்படுபவை அல்ல. இவை குளிசையை நோக்கியே விரல் நீட்டுகின்றன.

வேறு காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். சீனி வியாதி, பிரஷருக்குக் கொடுக்கும் சில மருந்துகள், தைரொயிட் குறைபாடு, சாராயமும் கசிப்பும், புகைத்தல் ஆகிய எல்லாமே தாம்பத்தியத்தைப் பாதிக்கும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய்க் குளிசைகள் புரோலக்டின் என்ற ஹோமோனைக் கூட்டி இதே தொல்லையைத் தரும். இரத்தத்தில் சீனி, தைரொயிட், புரோலக்டின் அளவுகளையும், ஆண்களுக்குக் காலையில் எடுக்கும் டெஸ்டஸ்டெரோன் அளவையும் பார்ப்பது மருத்துவருக்கு உதவும்.

சந்தேகம் 4: அப்படியானால் குளிசையை நானே விட்டுவிடலாமா? சனி, ஞாயிறு மட்டும் குடிக்காமல் இருந்தால் போதும் என்றும் ஒருவர் சொன்னார்.

இரண்டும் வேண்டாம். ஒரேயடியாக விட்டால் தலைச்சுற்று, குமட்டல், நித்திரையின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் அடித்தது போன்ற உணர்வு வரலாம். பரொக்ஸெட்டின், வென்லாஃபக்ஸின் ஆகியவை உடலைவிட்டு விரைவில் போய்விடுவதால் அவற்றில் இது கடுமையாக இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய மனச்சோர்வு முன்னைவிட மோசமாகத் திரும்பி வருவது. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, தாம் விரும்பாமலே குளிசை நின்றுபோனவர்கள் பட்ட பாட்டை அந்தக் குடும்பங்கள் அறியும்.

வார இறுதியில் மட்டும் நிறுத்துவதாலும் பெரிய பலனில்லை. ஃபுளுவொக்ஸெட்டின் உடலில் வாரக்கணக்கில் தங்கும் என்பதால் இரண்டு நாள் விட்டாலும் ஒன்றும் மாறாது. மற்றவற்றில் வாராவாரம் மேற்சொன்ன தொல்லைகளை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள். மாரியில் உன்னிச்சைக் குளம் நிரம்பினால் வான்கதவை அங்குலக் கணக்கில்தான் திறப்பார்கள். ஒரேயடியாகத் திறந்தால் கீழேயுள்ள வயலும் வீடும் என்னவாகும் என்று படுவான்கரைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. குளிசையைக் குறைப்பதும் அப்படித்தான். மருத்துவர் போட்டுத்தரும் கணக்கில் வாரக்கணக்காக, சிலருக்கு மாதக்கணக்காக, சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

சந்தேகம் 5: குளிசையைத் தொடர வேண்டியிருக்கிறது. குடித்துக்கொண்டே இந்தக் குறையைச் சரிசெய்ய வழி உண்டா?

உண்டு. சொன்னால்தான் இந்த வழிகள் திறக்கும்.

சிலருக்குச் சில வாரங்களில், மாதங்களில் உடல் பழகி, தானாகவே ஓரளவு சரியாகும். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. நோய் அடங்கியிருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். அல்லது பாலியல் பக்கவிளைவு குறைந்த வேறு குளிசைக்கு மாற்றலாம். மிர்டாசபின், புப்ரோபியோன், அகோமெலட்டின், வோர்ட்டியொக்ஸெட்டின் ஆகியவை இந்த வகையில் பேசப்படுபவை. எல்லாம் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, எல்லாருக்கும் பொருந்தவும் பொருந்தாது. மிர்டாசபின் எடையைக் கூட்டும். வலிப்பு உள்ளவர்களுக்கு புப்ரோபியோன் கொடுக்கக் கூடாது.

விறைப்புக் குறைபாட்டுக்கு சில்டெனாஃபில் உதவுகிறது. மனச்சோர்வுக் குளிசையால் இந்தக் குறை வந்த ஆண்களுக்கு அது பலன் தந்ததை அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. 2008இல் 98 பெண்களிடம் நடத்திய ஆய்வில் அவர்களுக்கும் ஓரளவு பலன் கிடைத்தது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின்கீழ் வைக்கும் குளிசையோ வேறு நைட்ரேட் மருந்தோ பாவிப்பவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் திடீரென விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே இதை மருத்துவரின் சீட்டு இல்லாமல் பாமசியில் வாங்க வேண்டாம்.

நோய் கடுமையில்லாதபோது, குளிசையோடு உளவளத்துணையும் பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்ந்தால், குறைந்த அளவு மருந்தோடு சமாளிக்கச் சிலரால் முடியும். தினமும் வேர்க்க நடப்பது மனதுக்கும் உடலுக்கும் நல்லது.

சந்தேகம் 6: குளிசையை முறையாகக் குறைத்து நிறுத்தி ஒரு வருடமாகிறது. மனச்சோர்வும் இல்லை. ஆனால் உறுப்பு மரத்தபடியே இருக்கிறது, ஆசையும் திரும்பவில்லை. நிறுத்திய பின்னும் இப்படி இருக்குமா?

பெரும்பாலானவர்களுக்குக் குளிசை நின்றதும் இந்தத் தொல்லையும் நின்றுவிடும். சிலருக்கு நிற்பதில்லை. இதை நீண்டகாலம் பலர் நம்ப மறுத்தார்கள். "நோய் திரும்பி வருகிறது", "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இந்த வகைக் குளிசைகளில் முதலில் பெரும் புகழ் பெற்ற ஃபுளுவொக்ஸெட்டினை அமெரிக்கா அனுமதித்தது 1987 டிசெம்பரில். நிறுத்திய பின்னும் நீடிக்கும் பாலியல் குறை பற்றிய நோயாளர் விவரங்கள் மருத்துவ இதழ்களில் கவனம் பெறத் தொடங்கியது 2006ஆம் ஆண்டளவில். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, சிலரிடம் குளிசை நின்ற பின்னும் இந்தக் குறை தொடரலாம் என்று எழுதியது. 2019இல் ஐரோப்பிய மருந்துகள் முகவரகத்தின் பாதுகாப்புக் குழு, இந்த எச்சரிக்கையை மருந்தோடு வரும் தகவல் தாளிலேயே அச்சிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2021இல் கனடாவும் 2024இல் அவுஸ்திரேலியாவும் அதே வழியில் எச்சரித்தன.

2022இல் மருத்துவர் டேவிட் ஹீலி உள்ளிட்ட ஒரு குழு இதை அடையாளம் காண அளவுகோல்களை வெளியிட்டது. அவற்றின்படி, குளிசையை நிறுத்தி மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகியும் பிறப்புறுப்பின் உணர்ச்சி மாறியபடியே இருக்க வேண்டும். ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு, இன்பமற்ற உச்சக்கட்டம் ஆகியவை அதோடு சேர்ந்து வரலாம். வேறு நோயோ வேறு மருந்தோ காரணமாக இருக்கக் கூடாது. நீங்கள் சொல்வது இதற்குப் பொருந்துகிறது. அதை உறுதிசெய்ய, முன்னே சொன்ன இரத்தப் பரிசோதனைகளைச் செய்து மற்றக் காரணங்களை விலக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கு இன்னும் முதிரவில்லை. இஸ்ரேலில் ஆண்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, நீங்காத விறைப்புக் குறைபாடு ஏறத்தாழ 216 பேரில் ஒருவருக்கு வரக்கூடும் என்று மதிப்பிட்டது. அது ஒரு நாட்டின், ஒரு பாலாரின், ஒரு வகைக் குறையின் மதிப்பீடு. குளிசை குடிக்கிற எல்லாருக்கும் இது வராது என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். வந்தவரின் துயரமோ முழுத் துயரம். விகிதத்தைக் காட்டி அதைக் குறைக்க யாருக்கும் உரிமையில்லை.

சந்தேகம் 7: இப்படி நீடிப்பதற்கு மருத்துவம் இருக்கிறதா? இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

இதைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. உங்களுக்குப் பொய் நம்பிக்கை தந்து கைக்காசையும் காலத்தையும் கரைக்க விடுவதைவிட, இதை நேராகச் சொல்வதே நேர்மை.

புப்ரோபியோன், பஸ்பிரோன், வோர்ட்டியொக்ஸெட்டின், சில்டெனாஃபில் எனப் பலவற்றை மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குறைந்த சக்தி லேசர் ஒளியைப் பாய்ச்சி ஒரு நோயாளரிடம் ஓரளவு முன்னேற்றம் கண்டதாக நெதர்லாந்து மருத்துவர் வால்டிங்கர் 2015இல் எழுதினார். ஒருவரிடமும் இருவரிடமும் கிடைத்த அனுபவங்கள் இவை. ஒருவருக்கு உதவியது இன்னொருவருக்கு உதவாமல் போயிருக்கிறது, சிலருக்கு நிலைமை மோசமாகியும் இருக்கிறது. காரணம் என்ன என்பதே இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. செரட்டோனின் ஏற்பிகளில் நிலைத்துவிட்ட மாற்றமா, நரம்பு நுனிகளில் வந்த மாற்றமா, ஹோமோன் சம்பந்தப்பட்டதா எனப் பல கருதுகோள்கள் உண்டு.

கதவு முழுவதும் அடைபட்டுவிடவில்லை. மாதங்கள், வருடங்கள் கடந்து மெல்லத் தேறியவர்கள் உண்டு. விறைப்பு, ஈரப்பசை போன்ற தனித்தனிக் குறைகளுக்கு மருத்துவர் துணை மருந்து தரலாம். வேறு காரணம் ஏதும் கூடவே ஒளிந்திருந்தால் அதைக் கண்டு தீர்க்கலாம். பாலியல் சிகிச்சை தெரிந்தவரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் நெருக்கத்தை வேறு வழிகளில் மீட்கலாம். ஒன்று பலிக்கவில்லை என்று அடுத்தது, அதுவும் பலிக்கவில்லை என்று அதற்கடுத்தது எனக் குளிசைமேல் குளிசை குடித்து உடலைச் சோதனைக் களமாக்க வேண்டாம். புதிதாக எதைத் தொடங்கினாலும், இந்தப் பழைய அனுபவத்தை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

சந்தேகம் 8: 'நரம்புத் தளர்ச்சிக்கு' லேகியம் விற்கிறார்கள். இது செய்வினை, கட்டு அவிழ்க்க வேண்டும் என்றும் வீட்டில் சொல்கிறார்கள். போகலாமா?

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லும் பேச்சை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். மந்திரத்துக்குப் பேர்போன மண் என்பதால், கட்டிலில் வரும் எந்தக் குறைக்கும் யாரோ 'செய்துவிட்டார்கள்' என்ற பேச்சு இங்கே முதலில் எழும். கோயிலில் நேர்த்தி வைப்பதும் பள்ளிவாசலில் துஆக் கேட்பதும் மனதுக்கு ஆறுதல் தந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பக்கத்து வீட்டாரையோ மைத்துனியையோ சந்தேகித்துப் பகையை வளர்க்காதீர்கள். கட்டு அவிழ்ப்பதற்கென்று ஆயிரக்கணக்கில் கடன்படாதீர்கள். குளிசை தொடங்கிய திகதியும் குறை தொடங்கிய திகதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, காரணத்தைச் செய்வினையில் தேட வேண்டியதில்லை.

ஆண்மைக்கென்று விற்கும் 'மூலிகை' மருந்துகளில் சில்டெனாஃபிலை இரகசியமாகக் கலந்து விற்பதை அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதய நோய்க்கு மருந்து எடுப்பவர் மூலிகைதானே என்று அதைக் குடித்தால் என்னவாகும் என்பதை மேலே சொன்னோம். பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத, யூனானி மருத்துவரிடம் போனாலும், நீங்கள் குடிக்கும் மற்றக் குளிசைகளின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள். முகம் தெரியாத ஆள் கைத்தொலைபேசியில் அனுப்பும் 'ஒரே மாதத்தில் குணம்' விளம்பரத்துக்குக் காசு போடாதீர்கள். மருத்துவ உலகமே தேடிக்கொண்டிருக்கும் மருந்து அவரிடம் இருக்காது.

சந்தேகம் 9: நான் ஒரு பெண். இதையெல்லாம் ஒரு ஆண் டொக்டரிடம் எப்படிச் சொல்வது? பெண்ணுக்கு இது ஒரு பிரச்சினையா என்று கேட்டுவிடுவார்களோ?

பெண்ணின் உடல் பெண்ணுக்கும் சொந்தம். ஆசையும் இன்பமும் ஆணுக்கு மட்டும் எழுதிவைத்தவை அல்ல. பெண்ணின் குறை வெளியே தெரிவதில்லை, குடும்பத்தில் யாரும் கேட்பதும் இல்லை என்பதால், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரான மனச்சோர்வுக்குக் குளிசை குடிக்கும் இளம் தாயும், மாதவிடாய் நிற்கும் வயதிலுள்ளவரும் இதைப் பேசாமலே சுமக்கிறார்கள். வேறு ஹோமோன் மாற்றங்களும் நடக்கும் காலம் அது என்பதால், மருத்துவரிடம் சொல்லி எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது இன்னும் அவசியம்.

பெண் மருத்துவரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லவும் உரிமை உண்டு. உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நம் வீட்டு மிட்வைஃப், பிள்ளைப்பேறு முதல் குடும்பக்கட்டுப்பாடு வரை எல்லாம் பேசிப் பழகியவர். அவரிடம் தொடங்கலாம். வாய் வரவில்லையென்றால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும். "இந்தக் குளிசை தொடங்கியபின் எனக்குத் தாம்பத்திய உணர்ச்சி இல்லை. தனியாகப் பேச வேண்டும்." இவ்வளவு எழுதினால் போதும்.

சந்தேகம் 10: "உங்களுக்கு வேறு யாரோ இருக்கிறார்கள்" என்று மனைவி சந்தேகப்படுகிறாள். குளிசை என்று சொன்னால் நம்புவதில்லை. என்ன செய்ய?

நம் பகுதியில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கே போய் இருப்பது வழக்கம். மாமா, மாமி, மச்சினிமார் நடமாடும் அந்த வீட்டில், அறைக்குள் வரும் மௌனமும் எல்லார் கண்ணிலும் படும். சொல்லாமல் விடும் இடத்தை ஊகம் நிரப்பிவிடும். நோயையும் குளிசையையும் மறைத்துக் கலியாணம் செய்தவர்களின் வீட்டில் அந்த ஊகம் இன்னும் கசப்பாகும்.

அடுத்த கிளினிக்குக்கு மனைவியையும் கூட்டிப்போங்கள். மருத்துவர் வாயால் ஒரு தடவை கேட்பது, நீங்கள் நூறு தடவை சொல்வதற்குச் சமம். மனைவிமாருக்கும் கணவன்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: அவர் உங்களை வெறுத்து விலகவில்லை. மனதை நிமிர்த்த எடுத்த மருந்து உடலின் ஒரு வாசலைச் சாத்தியிருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதற்கும், தலை கோதிவிடுவதற்கும் அந்த வாசல் தேவையில்லை.

சந்தேகம் 11: இப்படியெல்லாம் பத்திரிகையில் எழுதினால், சனங்கள் பயந்து குளிசையை விட்டுவிட மாட்டார்களா?

எங்களுக்கும் அந்தக் கவலை உண்டு. இந்த மண் 1978 நவம்பர் சூறாவளியையும், 1990இன் படுகொலைகளையும், நீண்ட போரையும், 2004 டிசெம்பர் 26 சுனாமியையும், 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டையும் தாங்கியது. மனம் உடைந்தவர்களை 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்று பழித்த காலம் இருந்தது. போர்க்காலத்திலேயே மனநல மருத்துவர் மகேசன் கணேசன் இங்கு பணியாற்றி, ஊர்களுக்குள் சென்று பார்க்கும் மனநலச் சேவையைக் கட்டியெழுப்ப வழிகோலினார். அப்படி வளர்ந்த சேவையும், இலவசமாகக் கிடைத்த குளிசையும் இங்கே எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் காத்திருக்கின்றன. கடுமையான மனச்சோர்வில் இந்தக் குளிசைகள் உயிர்காப்பவை. அதில் எமக்கு ஐயமில்லை.

ஆனால் பக்கவிளைவை மறைத்தால் சனங்கள் குளிசையை விடமாட்டார்கள் என்பது தப்புக்கணக்கு. சொல்லாமல் கொடுத்த குளிசையால் தாம்பத்தியம் கெட்டவர், யாரிடமும் சொல்லாமல் அதை வாவியில் வீசிவிட்டு இருந்துவிடுவார். மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வரும்போது நோய் முற்றியிருக்கும். முதல் நாளே, "இப்படி வரலாம், வந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன். மிகச் சிலருக்கு நிறுத்திய பின்னும் நீடித்ததுண்டு" என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர், குறை வந்தால் கிளினிக்குக்குத்தான் வருவார். இலேசான மனவருத்தத்துக்கு உளவளத்துணையை முதலில் தேர்ந்தெடுக்கவும் அந்தத் தகவல் உதவும். தெரிந்து சம்மதிப்பது நோயாளரின் உரிமை.

மருத்துவர்களிடம் நாம் தயவாகக் கேட்பது ஒரே ஒரு கேள்வியைத்தான். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்கும்போது, "குடும்ப வாழ்க்கை எப்படி?" என்றும் கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

சந்தேகம் 12: எங்கே போவது? யாரிடம் முறையிடுவது?

முதலில் உங்களுக்குக் குளிசை எழுதிய மருத்துவரிடமே போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. கழுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி ஆதார வைத்தியசாலைகளில் மனநலச் சேவை எந்த நாளில் என்று கேட்டறிந்து போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து சிறுநீரியல், ஹோமோன், மகப்பேற்று மருத்துவர்களிடம் அனுப்புவார்கள்.

போகும்போது இந்த விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம், எந்தத் திகதியில் தொடங்கி எப்போது நிறுத்தினீர்கள், குறை எப்போது தொடங்கியது, அதற்கு முன் எப்படி இருந்தீர்கள், வேறு என்ன நோய், என்ன மருந்து. பழைய கிளினிக் கொப்பியை எறியாமல் வைத்திருங்கள்.

பக்கவிளைவைப் பதிவுசெய்வதும் முக்கியம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு இதை அறிவிக்குமாறு உங்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் எச்சரிக்கை அச்சேறியது, பாதிக்கப்பட்டவர்கள் சளைக்காமல் அறிவித்ததால்தான். இங்கே யாரும் அறிவிக்காவிட்டால், நம் நாட்டில் இப்படி ஒன்று இல்லை என்றே ஏடுகள் சொல்லும்.

குறை நீடிக்கும் சிலருக்கு வாழ்வே வெறுத்துப்போகிறது. சாகத் தோன்றினால் ஒரு நிமிடமும் தனியே இருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த கிளினிக் நாள் உங்கள் கொப்பியில் எழுதியிருக்கும். இன்றே அந்தத் துண்டுத் தாளை எழுதி, அந்தப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.